பிழை நடந்தால் இன்டெர்ன் டொக்டர்மார் நோயாளியிடம் உண்மையைச் சொல்வார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். நானும் முதலில் சொல்லவில்லை.

திருகோணமலைதான் எனக்கு ஊர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் இங்கே ஒரு வருட இன்டெர்ன்ஷிப், ஆறாறு மாதமாக இரண்டு பிரிவில். அப்போது நடந்தது இது. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், பிழை என்னுடையது.

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், சலரோகம். காலையில் என்டோஸ்கோப்பி என்பதால் வெறுவயிறு. இரவு டிக்கட்டில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், சாப்பாட்டை நிறுத்தி எழுதிய நான், காலை இன்சுலினை நிறுத்தி எழுதவில்லை. டிக்கட்டில் இருந்தபடியே மிஸ்ஸி (தாதி) ஊசியைப் போட்டுவிட்டார். எட்டரைக்குப் போய்ப் பார்த்தால் சட்டை தொப்பலாக வியர்வை, கூப்பிட்டால் கண் மட்டும் திறக்கிறது. இரத்தத்தில் சீனி 38, ஆபத்தான குறைவு. டெக்ஸ்ட்ரோஸ் (சீனிக் கரைசல்) ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் "தண்ணி தா பிள்ள" என்றார். என் கை நடுக்கம்தான் நிற்கவில்லை.

மகன் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். "சீனி கொஞ்சம் குறைஞ்சு போச்சு" என்றேன். இந்த விஷயத்தில் தமிழ் எங்களுக்கு நல்ல வசதி. மருந்து மாறிப்போச்சு, ஊசி விடுபட்டுப்போச்சு. எல்லாம் தானாகப் போகும், மாற்றினவர் யாரும் இருக்கமாட்டார்.

வழக்குக்குப் பயந்து மறைப்பதாக வெளியில் நினைக்கிறார்கள். எனக்குக் கோடு கச்சேரி ஞாபகமே வரவில்லை. வார்ட் ரவுண்டில் எல்லார் முன்னாலும் சேர், எங்கள் பெரிய டொக்டர், கேட்கப்போகும் கேள்விதான் பயம். போதாததற்கு, வீட்டாரோடு பெரியவர்கள் கதைப்பார்கள், நீ வாயைத் திறக்காதே என்று ஒரு சீனியர் அக்கா. சாவுச் செய்தி சொல்லப் படிப்பித்தார்கள். "நான்தான் பிழை விட்டேன்" என்று சொல்ல யாரும் படிப்பிக்கவில்லை. இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. 1991இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் பயிற்சி மருத்துவர்கள் 114 பேர் தாங்கள் விட்ட பெரிய பிழையொன்றைப் பற்றி எழுதினார்கள். மேலே உள்ள டொக்டரிடம் அதைக் கதைத்தது 54 வீதம். நோயாளியிடமோ குடும்பத்திடமோ சொன்னது 24 வீதம்தான்.

நான் வாயைத் திறந்ததும் நல்ல மனதால் இல்லை. பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் அந்த மகன், ஊசி போட்ட மிஸ்ஸியை வராந்தாவில் வைத்து ஏசிக்கொண்டு நின்றார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சேரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏசினார், நன்றாகவே ஏசினார். பிறகு என்னோடு கட்டிலடிக்கு வந்தார்.

"அம்மா, காலை ஊசியை நிறுத்தச் சொல்லி நான் எழுதியிருக்க வேணும். எழுதேல்ல. மிஸ்ஸியில பிழையில்ல."

அம்மா என் கையைப் பிடித்து, "இனிப் பாத்து எழுது பிள்ள" என்றார். துண்டு வெட்டி அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகும்வரை மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது மிஸ்ஸியிடம் மட்டும் போய், ஏசினதுக்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்.