44 வயதில், பல வேலைகள் பார்த்த பிறகு, பள்ளி ஆசிரியராக முடியுமா?

கேட்டவர் திருவொற்றியூர்க்காரர். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, துறைமுகத்தில் சரக்கு கிளியரிங், மணலியில் ஸ்டோர்ஸ், கடைசியாக லேத் பட்டறை என்று வேலை பார்த்தவர்.

தாராளமாக முடியும். அரசுப் பள்ளி நேரடி நியமனத்துக்கு வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றப் பிரிவினருக்கு 58. இந்த வயதில் வருகிறவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் சான்றிதழில்தான். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் பி.எட். சேர உதவாது. பட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் வேண்டும். மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. இதைப் படிக்கும் பி.காம்.காரர்கள் கவனிக்க: உங்களுக்கு எம்.காம். இருந்தால்தான் இடம். பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கான சான்றைப் படித்த பள்ளிகளிலிருந்து இப்போதே வாங்கி வையுங்கள். பழைய பள்ளி மூடப்பட்டிருந்தால் அலைச்சல் அதிகம்.

பி.எட். இரண்டு வருடம், நேரில் போய்ப் படிக்க வேண்டும். அஞ்சல் வழி பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது. உங்களுக்குக் கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 16 வாரம் பள்ளியில் பயிற்சி இருப்பதால் பகல் வேலையும் பார்க்க முடியாது. குடும்பச் செலவுக்கு வழி செய்துகொண்டு இறங்குங்கள். அடுத்தது டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், 150 மதிப்பெண். கணக்கும் அறிவியலும் 60, தமிழ் 30, ஆங்கிலம் 30, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30. வெளியிலிருந்து வருபவர்கள் பாடத்தையே உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி 30ஐ விட்டுவிடுகிறார்கள்.

வகுப்பறைதான் உண்மையான கஷ்டம். பட்டறையில் வளர்ந்தவர்களிடம் ஒருமுறை சொன்னால் போதும். இங்கே அதே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லி, பிள்ளையையே செய்யவைத்து, திரும்பக் கேட்க வேண்டும். 40 நிமிட பீரியடில் புதிதாகச் சொல்ல 15 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கடைசி பெஞ்சு 25 அடி தள்ளி இருந்தால் கரும்பலகை எழுத்து இரண்டரை அங்குல உயரமாவது இருக்கட்டும். கன்டெய்னர் லாரி போகும் சாலையை ஒட்டிய பள்ளி என்றால், ஹார்ன் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தினால் சில வாரத்தில் தொண்டை கட்டிவிடும். லாரி போகும்வரை பலகையில் எழுதுங்கள், போனபின் திரும்பிப் பேசுங்கள்.

உங்கள் அனுபவம் எங்கே உதவும் என்பதற்கு ஒன்பதாம் வகுப்பின் அளவீட்டுப் பாடமே போதும். மில்லிமீட்டரிலும் சிறிய அளவை அளக்கும் வெர்னியர் அளவி உங்கள் கையில் தினம் புரண்டது. அதனாலேயே வேகமாகச் சொல்லிப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. நகரும் வெர்னியர் பட்டையின் சுழிக்கு (0) ஒட்டி இடப்பக்கம் உள்ள முதன்மை அளவுகோல் கோட்டை முதன்மை அளவாக எடுக்க வேண்டும். பிள்ளை, இரண்டு கோடுகள் ஒன்றுசேரும் இடத்தையே முதன்மை அளவாக எழுதிவிடும். பத்து மடங்கு பெரிதாக அட்டையில் செய்யுங்கள்: 1 செ.மீ. இடைவெளியில் முதன்மை அளவுகோல். இன்னொரு பட்டையில் 9 செ.மீ. நீளத்தைப் பத்துச் சம பாகமாகப் பிரித்த வெர்னியர். இதை நகர்த்திக் காட்டினால் உண்மைக் கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 செ.மீ. எப்படி வருகிறது என்று கண்ணுக்கே தெரியும். கருவியை மூடியபோதே இரண்டு சுழிகளும் பொருந்தாமல் வரும் சுழிப்பிழை நேர் என்றால் கழி, எதிர் என்றால் கூட்டு. இதற்குக் குறைந்தது நான்கு கணக்காவது அவர்களையே போடவையுங்கள். லேத் கதை ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பரீட்சையில் கேட்பது வரையறையும் சூத்திரமும்தான். அதைப் பிள்ளை எழுதிப் பழகாவிட்டால் உங்கள் அனுபவத்தால் அதற்கு ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது.

பெற்றோர் விஷயத்தில் வட சென்னையை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும் நேரத்தில் காசிமேட்டு மீனவர் வீடுகளில் கையில் காசு இருக்காது. தனியார் பள்ளியில் சேர்ந்தால், நோட்டு வாங்காத பிள்ளையை அந்த வாரங்களில் எழுப்பி நிற்கவைக்காதீர்கள், மாதக் கடைசிவரை பொறுங்கள். மீன் வியாபாரம் செய்யும் அம்மாக்களைக் காலையில் கூப்பிட்டால் வர முடியாது. மாலையில் கூப்பிடுங்கள், வருவார்கள்.