காத்தாலயே விலை சொல்றானா?

கேள்வி: எளிய மக்களின் வாழ்க்கையை உள்ளபடியே காட்டும் நியோ ரியலிசப் படம் என்றாலே கிராமம், கடன், கண்ணீர். வரப்பையே மிதித்திராத எனக்கு அதில் என்ன இருக்கிறது?
*- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை*

பதில்: வரப்பை விடுங்கள், காசிமேடு வரை நடந்திருப்பீர்கள் அல்லவா? அது போதும். இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி 1948இல் எடுத்த 'லா தெர்ரா த்ரேமா' சிசிலியில் ஒரு குப்பத்துக் கதை. நடித்தவர்கள் அந்த ஊர் மீனவர்களே. அவர்கள் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே புரியாது என்று பின்னணியில் ஒரு குரல் விளக்கிக்கொண்டே வரும்.

ராயபுரம் வீட்டில் நான் அதைப் பார்த்தபோது ஆயாவும் பக்கத்தில் இருந்தார். நாற்பது வருஷம் மீன்கூடை சுமந்தவர். படத்தில், விடியலில் படகு கரை சேர்ந்ததும் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். ஆயா வெற்றிலையைக் கீழே வைத்தார். "இங்கயும் காத்தாலயே வெல சொல்ல வந்துட்டானா?" வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் வாங்கியவர் அந்த வியாபாரிக்கே மீனைப் போடவேண்டிய கட்டு அவருக்குத் தெரியாததா!

மூத்த மகன் ந்தோனி வீட்டை அடகு வைத்துச் சொந்தப் படகு வாங்குகிறான். நெத்திலி குவிகிறது. குடும்பமே உட்கார்ந்து உப்புப் போட்டுப் பீப்பாய்களில் அடுக்குகிறது. அப்புறம் ஒருநாள் புயலில் படகு நொறுங்குகிறது. ஆயா அதற்கு அசரவில்லை, கடல் என்றால் அப்படித்தான். அதே வியாபாரிகள் வந்து அந்த நெத்திலியைச் சல்லிசாக அள்ளிப் போகும்போதுதான் பதறினார். "எத்தினி பீப்பா? எத்தினி பீப்பாடா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எண்ணவில்லை.

குறையும் உண்டு. விஸ்கோந்தி பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, அழகை விடமாட்டார். படகு திரும்பாத நாளில் கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் பாறை மேல் சித்திரம் போல நிற்பார்கள். ஆயா சிரித்துவிட்டார்: "போட்டு வரலன்னா எவ இப்டி அழகா நிப்பா? தலய விரிச்சிப் போட்டுகினு ஓடுவா."

கேள்வி: தமிழில் இந்த வழியில் யாரும் வரவில்லையா?
*- ஒரு வாசகி, திருவொற்றியூர்*

பதில்: வந்தார், வங்காளத்திலிருந்து. பிரிவினையில் ஊரை இழந்த கிழக்கு வங்க விவசாயிகளைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' எடுத்த நிமாய் கோஷ், பிறகு சென்னைக்கே குடிவந்தார். 1960இல் அவர் இயக்கியதுதான் 'பாதை தெரியுது பார்'. படத்தைப் பார்க்காதவர்களும் அதில் ஜெயகாந்தன் எழுதிய 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பாட்டை முணுமுணுத்திருப்பார்கள். ஆயா உட்பட.