வாசகர் கேள்வி பதில்: விவசாயி இல்லாத விவசாயிகள் மார்க்கெட்டா?

கேள்வி: பொண்ணைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தேன். 'ஃபார்மர்ஸ் மார்க்கெட்'னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. உள்ள பார்த்தா வரிசையா சாப்பாட்டுக் கடைதான், காய்கறி கொஞ்சமா ஒரு ஓரத்துல. ஒரே குடும்பத்தோட இடம்னு வேற சொன்னாங்க. அந்தக் கதையைச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தேர்ட் ஸ்ட்ரீட்டும் ஃபேர்ஃபாக்ஸும் சேர்ற முனையில இருக்கே, அதுதானேம்மா? அது கில்மோர் குடும்பத்து இடம். 1880-ல ஆர்தர் கில்மோரும் அவரோட கூட்டாளியும் சேர்ந்து ரெண்டு பண்ணை வாங்கினாங்க, பத்து வருஷம் கழிச்சு கூட்டு பிரிஞ்சப்போ யாருக்கு எதுன்னு குச்சி உருவிப் பார்த்துதான் முடிவு பண்ணாங்க, கில்மோருக்கு இந்த 256 ஏக்கர் மாட்டுப்பண்ணை வந்துச்சு. பண்ணையைப் பெருசாக்கணும், தண்ணி வேணும்னு 1900 வாக்குல போர் போட்டிருக்கார், வந்தது எண்ணெய்! கொஞ்ச வருஷத்துல மாடெல்லாம் போயி கில்மோர் ஆயில் கம்பெனி வந்துடுச்சு. மகன் ஏர்ல் கில்மோர் அதைப் பெரிய பெட்ரோல் கம்பெனியாவே வளர்த்துட்டார்.

மார்க்கெட் வந்தது 1934-ல. பொருளாதாரம் அடியோட படுத்துக் கிடந்த நேரம், விளைஞ்சதுக்கு விலை இல்ல. ரோஜர் டால்யெல்ம்னு ஒருத்தர், ஃப்ரெட் பெக்னு விளம்பரம் எழுதுற ஒருத்தர், ரெண்டு பேரும் ஏர்ல் கில்மோர்கிட்ட போயி, அந்த முனையில சும்மா கிடக்குற நிலத்துல விவசாயிங்க வண்டியை நிறுத்தி நேரா வித்துக்கட்டும்னு கேட்டாங்க. சரின்னுட்டார். ஜூலை மாசம் லாரிங்க வந்து நின்னுச்சு, நாள் வாடகை 50 சென்ட், பின்பலகையை இறக்கிவிட்டு அதுமேலயே காய் பழம் பரப்பி வியாபாரம், அவ்ளோதான் மார்க்கெட்.

சாப்பாட்டுக் கடை எப்படி வந்துச்சுன்னா, அதுவும் அந்த விவசாயிங்களாலதான். வண்டியை விட்டுட்டு சாப்பிடப் போக முடியாதுல்ல? டவுன்டவுன்ல கடை வச்சிருந்த ப்ளாஞ்ச் மகீங்கிற அம்மா கூடையில சாண்ட்விச் கொண்டுவந்து அவங்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் அங்கேயே கடை போட்டாங்க. எனக்கு இந்த மார்க்கெட் கதையிலேயே ரொம்பப் பிடிச்சவங்க இவங்கதான். அந்த வருஷக் கடைசிக்குள்ளயே நிரந்தரக் கடைங்க வந்துடுச்சு.

பக்கத்துல அந்தக் குடும்பம் கட்டின ஸ்டேடியம் இருந்துச்சு, குட்டி கார் ரேஸ், அமெரிக்க ஃபுட்பால் எல்லாம் நடக்கும், அப்புறம் பேஸ்பால் மைதானமும் வந்துச்சு. இப்போ ரெண்டுமே இல்ல, அந்தப் பக்கம் சி.பி.எஸ். டிவி ஸ்டூடியோ 1952-ல வந்துச்சு. 2002-ல பக்கத்துலயே தி க்ரோவ் மால். இவ்வளவு மாறியும் மார்க்கெட் இருக்குற முனையை குடும்பம் கையை விட்டுப் போக விடல பாருங்க, அதனாலதான் அது இன்னைக்கும் இருக்குன்னு நான் உறுதியா சொல்வேன். வேற யார் கையிலயாவது போயிருந்தா எப்பவோ அடுக்குமாடி ஆயிருக்கும்.

கேள்வி: எல்லாம் சரி, அந்த விவசாயிங்க எங்க சார் போனாங்க?
– ஒரு வாசகர், தேனி

பதில்: ஊர் வளர்ந்துச்சு. சுத்தி இருந்த ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் வீட்டு மனை ஆச்சு, மக்கள் சூப்பர் மார்க்கெட் பழகிட்டாங்க, டூரிஸ்ட் கூட்டம் வந்தா சாப்பாட்டுக் கடைக்குத்தானே வருமானம். இதுக்கு மேல கலிஃபோர்னியாவுல ஒரு சட்டச் சிக்கலும் இருந்துச்சு. பழம் விக்கணும்னா இந்த சைஸ், இந்தப் பெட்டி, இந்த லேபிள்னு விதி, சின்ன விவசாயி தன் தோட்டத்துப் பழத்தைக் கூடையில வச்சு நேரா விக்கிறது சுலபமில்ல. 1977-ல தான் அந்த விதியைத் தளர்த்தினாங்க, அதுக்கப்புறம் 'சர்ட்டிஃபைட்' விவசாயிகள் மார்க்கெட்டுங்க வரிசையா வந்துச்சு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருக்குற கார்டெனாவுல 1979, சான்டா மோனிகாவுல 1981. அங்க விளைய வச்சவர், இல்லன்னா அவர் குடும்பத்துல ஒருத்தர், அவர்கிட்ட வேலை செய்றவர், பொதுவா இவங்கதான் விப்பாங்க, வாங்கி விக்கிற வேலையெல்லாம் நடக்காது.

அதனால திண்டுக்கல் அம்மா, அடுத்த தடவை போனா பொண்ணை சான்டா மோனிகாவுக்குப் புதன்கிழமை காலையில கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ஒவ்வொரு கடையிலயும் அந்த விவசாயி என்னென்ன பயிர் போட்டிருக்கார்னு கவுண்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) விவசாய அதிகாரி கொடுத்த சர்டிஃபிகேட் மாட்டியிருக்கும். அந்தச் சீட்டுல இருக்குற பயிரும் மேஜை மேல இருக்குறதும் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.