ஆம்ப்பிலேயே ஃப்யூஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

கேள்வி: காரின் டிக்கியில் 500 வாட் ஆம்ப்ளிஃபயர் வைக்கப் போகிறேன். அதிலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இருக்கின்றன. பேட்டரி பக்கமும் ஃப்யூஸ் வேண்டுமா? 8 கேஜ் வயர் போதுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். ஆம்ப்பில் இருப்பது ஆம்ப்பைக் காப்பாற்ற, பேட்டரி பக்கம் போடுவது வயரைக் காப்பாற்ற. பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் வயர் ஓடுகிறது, வழியில் எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும், வயர் பழுத்துத் தீப்பிடிக்கும், ஆம்ப்பில் உள்ள ஃப்யூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதனால் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். எரிந்துபோனால் பெரியதாக மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

8 கேஜ் வேண்டாம், 4 கேஜ் போடுங்கள் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமனாகும்). அந்த நீளத்தில் 60 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.6 வோல்ட் வயரிலேயே போய்விடும். 4 கேஜில் அது 0.25தான். ஆனால் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாக மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம்.

அப்புறம் எர்த் வயர். அதுவும் அதே தடிமன், முடிந்தவரை குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இன்ஜின் பக்கத் தகட்டைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைக்கவே கூடாது.