ஊட்டி ஏரியும் அதன் பழைய ஓட்டல்களும்: கேட்டீங்க, சொல்கிறேன்

மேட்டுப்பாளையத்துக்காரன் நான். மலையைப் பார்த்தே வளர்ந்ததால் மேலே இருக்கும் பழைய பங்களாக்களின் கதை என்றால் எனக்கு உயிர். வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

திருப்பூரில் இருந்து: ஏனுங்க, ஊட்டி ஏரி தானா உண்டானதுங்களா?

இல்லைங்க. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823ல் தொடங்கி 1825க்குள் ஓடைகளை மறித்துக் கட்டியது. அந்தக் கரை மூன்று முறை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. சுற்றியிருந்த புல்வெளியெல்லாம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம். ஏரியின் கதையைச் சொல்லும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

கோபியில் இருந்து: ரயில் வருவதற்கு முன்னால் எப்படி மேலே போனார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. 1819ல் சல்லிவன் மலையேறியது நம்ம தண்ணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்துதான். அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் அங்கே உள்ள பழைய கோயில் வெளியே தெரியும், முடிந்தால் போய்ப் பாருங்கள். அங்கிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஏறினார்கள். அப்புறம்தான் குன்னூர் வழி வந்தது. 1873ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் மாட்டுவண்டி, குதிரை வண்டி, இல்லையென்றால் ஆள் தூக்கும் பல்லக்கு. பல்சக்கர ரயில் 1899ல் குன்னூருக்கும், 1908ல் ஊட்டிக்கும் போனது. ஊட்டியை நெருங்கும்போது அது ஏரியை ஒட்டியே ஓடும். அந்த ஜன்னல் காட்சிக்கு ஈடே கிடையாது.

ஈரோட்டில் இருந்து: முதல் ஓட்டல் எதுங்க?

'முதல்' என்று ஒன்றைக் கைகாட்ட எனக்கு விருப்பமில்லை. காரணம், அங்கே பேர்பெற்ற தங்குமிடங்களில் பல, வீடாகப் பிறந்து ஓட்டலாக மாறியவை. சல்லிவனே 1822ல் தனக்குக் கல்லில் வீடு கட்டிக்கொண்டார். ஊர் மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். அது இன்று அரசு கலைக் கல்லூரி. ஃபெர்ன்ஹில் பங்களா 1840களில் எழுந்தது, பிறகு மைசூர் மகாராஜா வாங்கி அரண்மனையாக்கினார், கடைசியில் ஓட்டலானது. 1834ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கே உடல் தேற ஊட்டியில் வந்து தங்கினார், அவருடைய ஆலோசனைச் சபையின் சட்ட உறுப்பினர் மெக்காலே அவரைப் பார்க்க மலையேறி வந்தார். பின்னாளில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் இங்கே இடம் மாறியது. அப்புறம் அறைகளுக்குக் கிராக்கி வராமல் இருக்குமா?

பொள்ளாச்சியில் இருந்து: பழைய படங்களில் ஏரி பெரிதாக இருக்கிறதே?

பெரிதாகத்தான் இருந்தது. ரேஸ் மைதானம், பஸ் ஸ்டாண்டு எல்லாம் ஏரி இருந்த இடம்தான். மிச்சம் சுமார் 65 ஏக்கர். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

கோவையில் இருந்து: பழைய பங்களா ஓட்டலில் ஒரு ராத்திரி தங்க ஆசை. என்ன பார்த்து எடுக்கணும்?

அறையில் கணப்பு இருக்கிறதா, அதில் இப்போதும் விறகு எரிக்க விடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள். டிசம்பர், ஜனவரி என்றால் கம்பளியும் எடுத்துப் போங்க, உறைபனி விழும்.