மொத்த வழக்கும் மாப்பிள்ளை போனில்தான் இருக்கிறது

கேள்வி: அப்பச்சியின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு குடும்பத்தில் 14 பேர் பாங்காக் போனோம். காரைக்குடியில் ஒரு டிராவல்ஸ் மூலமாக, தலைக்கு 42,000 ரூபாய். அதில் ஒரு மாலை சாவ்பிரயா ஆற்றில் ‘டின்னர் குரூஸ் வித் டிரிங்க்ஸ்’. படகில் ஏறியதும் ஆளுக்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள், அதோடு சரி. கேட்டதற்கு இன்று விசாகப் பௌர்ணமி, மது விற்கக் கூடாது என்றார்கள். தங்கை மாப்பிள்ளைக்குப் பெரிய தலைகுனிவு. ஆத்தாவுக்குச் சைவச் சாப்பாடும் சரியில்லை. ஊருக்கு வந்து சத்தம் போட்டபின் மாப்பிள்ளை போனுக்கு 21,000 ரூபாய் அனுப்பிவிட்டு, இனிப் பேச்சே இல்லை என்கிறார் ஏஜென்ட். 420 கேஸ் போட்டு 10 லட்சம் நஷ்ட ஈடு வாங்க வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, உங்கள் நாலு பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். கைடு உங்களைப் பார்த்துச் சிரித்தது, அடுத்த மேசை வடநாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஜன்னல் ஓரம் கொடுத்தது, மாப்பிள்ளை அன்று ராத்திரி யாரிடமும் பேசாமல் படுத்தது, இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இல்லை. ஆத்தாவின் சாப்பாடு விஷயம் நியாயமானதுதான், ஆனால் சைவம் கொடுப்பதாக எழுதிய தாள் இருந்தால் ஒரு வரி சேர்க்கலாம், இல்லாவிட்டால் விடுங்கள். 420-ஐயும் விடுங்கள். அது இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது, நம்பர் மாறினாலும் கதை அதேதான்: பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்களை விமானத்தில் கூட்டிப்போய், ஹோட்டலில் தங்கவைத்து, படகிலும் ஏற்றியிருக்கிறார். ஸ்டேஷனில் புகார் வந்தது என்பதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள்.

இதில் சட்டப்படி ஒரே ஒரு கேள்விதான். ‘டிரிங்க்ஸ்’ என்றால் என்ன?

ஏஜென்ட் சொல்லப்போவது தெரிந்ததுதான். டிரிங்க்ஸ் என்றால் பானம், ஜூஸ் கொடுத்தோம், குடித்தீர்கள். அந்த ஊர்ப் படகுகள் பலவற்றில் ஏறும்போது ஒரு வரவேற்புப் பானம், அப்புறம் மது வேண்டுமென்றால் தனிக் காசு என்பது வழக்கம்தான், அதனால் அவர் சொல்வதைக் கேட்ட மாத்திரத்தில் தள்ளிவிட முடியாது. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், நீங்கள் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். புக் பண்ணும்போது ஏஜென்ட் மாப்பிள்ளைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாராம், ‘பீரு, விஸ்கி எல்லாம் அன்லிமிடெட் அண்ணே’ என்று. நாலு பக்கத்தில் உருப்படியான வரி இது ஒன்றுதான். தாளில் ஒரு சொல் இரண்டு அர்த்தம் கொடுத்தால் எழுதியவருக்கு எதிராகவே அதைப் படிப்பார்கள், அதற்கு மேலே அவர் குரலும் இருந்தால் ஜூஸ் கதை நிற்காது.

இன்னொன்று. உங்கள் மெசேஜுக்கு அவர் எழுதிய பதிலில், அந்த நாட்டில் அன்று மது விற்பனைக்குத் தடை, எங்கள் கையில் இல்லாத விஷயம் என்கிறார். இது அவருக்கு நல்லது என்று நினைத்து எழுதியிருக்கிறார், பாவம். டிரிங்க்ஸ் என்றால் ஜூஸ்தான் என்பவர் மதுத் தடையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? தாய்லாந்தில் பௌத்தப் பண்டிகை நாட்களில் மது விற்கத் தடை இருப்பது உண்மை. 2025-ல் ஹோட்டல், விமான நிலையம் போன்ற சில இடங்களுக்குத் தளர்வும் கொடுத்தார்கள், நீங்கள் ஏறிய படகு அதில் வருமா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விசாகப் பௌர்ணமி புயல் மாதிரி திடீரென்று வருவதில்லை, காலண்டரில் இருக்கிறது. நாள் குறித்தது அவர், தெரிந்திருக்க வேண்டியதும் அவர். படகுக் கம்பெனிதான் பொறுப்பு, நான் நடுவில் இருப்பவன் என்றும் சொல்வார், அதையும் நம்ப வேண்டாம். பணம் வாங்கியவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவு படித்ததும் உங்களுக்கு முகம் மலர்ந்திருக்கும். இனிதான் விஷயம் இருக்கிறது.

அந்த வாய்ஸ் மெசேஜ் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளை போனில். 2,50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தீர்களே, ரசீது உண்டா? இல்லை. ‘கேஷ் வந்துருச்சு அண்ணே’ என்ற மெசேஜ் எங்கே? அதே போனில். அப்பச்சி கணக்கிலிருந்து போன 3,38,000-க்கு மட்டும்தான் பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் இரு வீட்டாரும் ஒப்பந்தமாக இசைகுடிமானம் எழுதிவைக்கிற ஊர் நம்முடையது, ஆறு லட்சத்துக்குப் பக்கமாய் ஒருவர் கையில் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு வாங்கத் தோன்றவில்லை!

சரி, அதே போனில் வேறு என்ன இருக்கிறது? 21,000 ரூபாய் ஜிபேயில் வந்தபோது கூடவே ஒரு மெசேஜ்: ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. அதற்குக் கீழே மாப்பிள்ளை போட்டது: ‘சரிங்க, நன்றி’, ஒரு கட்டைவிரல் படம். நீங்களே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், ‘பிச்சைக்காசு போட்டதைப் பாருங்கள்’ என்று. நான் பார்த்தது காசை இல்லை, அந்தக் கட்டைவிரலை.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான். நல்ல வழக்கு இருக்கும், ஆதாரம் இருக்கும், அசதியிலோ மரியாதைக்காகவோ ஒரு ‘ஓகே’ போட்டிருப்பார்கள். வர வேண்டிய தொகையில் குறைவாக வாங்கிக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவே சொல்கிறது. அப்படி முடித்துவிட்டார் என்பதுதான் ஏஜென்ட்டின் வக்கீல் எடுக்கும் முதல் வாதம், அவர் விவரமானவராக இருந்தால் ஒரே வாதமும் அதுதான். ஜூஸா விஸ்கியா என்ற பேச்சுக்கே போக மாட்டார்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. 1999-ல் ஒரு இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்ட ஒரே காரணத்துக்காக நுகர்வோரை விரட்டிவிட முடியாது, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்தாக இருந்தால் கேட்கலாம் என்றது. ஆனால் மாப்பிள்ளையை யார் நெருக்கினார்கள்? வீட்டில் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கட்டைவிரல் போட்டிருக்கிறார். அதைவிட நமக்குத் தோதான வாதம், பணம் கட்டியது அப்பச்சி, கணக்கை முடிக்க மாப்பிள்ளைக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை என்பது. இதை நான் எழுதிவிடுவேன், கஷ்டமில்லை. எழுதிய மறுநிமிடம் என்ன ஆகும்? ஏஜென்ட்டிடம் பேசியதும் மாப்பிள்ளை, ரொக்கம் கொடுத்ததும் மாப்பிள்ளை, வாய்ஸ் மெசேஜ் வந்ததும் மாப்பிள்ளைக்கு. இதற்கெல்லாம் எங்கள் ஆள், 21,000-க்கு மட்டும் எங்கள் ஆள் இல்லை என்று சொன்னால் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள்.

மெசேஜில் நமக்கு வேண்டியதை மட்டும் காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றுகிறது. கூடாது. மறுபக்கம் முழு சாட்டும் ஏஜென்ட் போனிலும் இருக்கிறது. பாதியை மறைத்தவர் என்று பெயர் வந்துவிட்டால் மீதிப் பாதியையும் நம்ப மாட்டார்கள். அப்புறம், மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் கையெழுத்துப் போட வேண்டியவர்களில் ஒருவர் அந்தப் போனை வைத்திருப்பவர். அதாவது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டால் பிரமாண வாக்குமூலமும் கொடுக்க வேண்டும், எதிர்த் தரப்பு எழுத்தில் கேள்விகள் அனுப்பும். முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய 43 படங்களில் 9-வது படத்தைப் பாருங்கள். பின்னால் வாட் அருண் கோபுரம் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கிறது. முன்னால் மேசையில் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ பையிலிருந்து தலை நீட்டும் பாட்டில் யாருடையது? படகுக்காரர்கள் அதை வாங்கி வைத்ததும் மாப்பிள்ளை மேல்தளத்தில் சண்டை போட்டதும் உங்கள் கடிதத்தில் ‘சின்ன வாக்குவாதம்’ என்று ஒரு வரியாக இருக்கிறது, ஏஜென்ட்டின் பதிலுரையில் அது ஒரு பக்கமாக வரும். பக்கத்தில் கிளாஸும் கையுமாக நிற்கிற பையன் உங்கள் பெரியப்பச்சி பேரன், 19 வயசு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடிக்க அங்கே வயது 20, தமிழ்நாட்டில் 21. மற்ற 42 படங்களில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்பச்சி உட்பட. மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கும் மனுவோடு இந்த ஆல்பத்தை இணைக்கச் சொல்கிறீர்கள்.

இதற்கு நடுவில் நீங்கள் பங்காளிகள் வாட்ஸப் குரூப்பில் ஏஜென்ட் பெயரைச் சொல்லி ‘ஃப்ராடு’ என்று பேசிப் போட்டது வேறு. அது எத்தனை குரூப்புக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவதூறுக்குப் புதிய சட்டத்தில் 356-ஆம் பிரிவு, இரண்டு வருஷம் வரை தண்டனைக்கு இடம் உண்டு. உள்ளே போய்விடுவீர்கள் என்று பயமுறுத்தவில்லை, பேரம் பேசும்போது இந்த ஆயுதம் அவர் கையில் இருக்கிறது என்கிறேன். இன்னொரு தவறையும் செய்துவிடாதீர்கள், செய்யப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருப்பதால் சொல்கிறேன். இரண்டு லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கியது வருமான வரிச் சட்டத்தில் தப்பு, அபராதம் வாங்கியவருக்குத்தான், வாஸ்தவம். அதை வைத்து ‘இன்கம்டாக்ஸில் சொல்வேன், பணத்தைக் கொடு’ என்று ஒரு மெசேஜ் தட்டினால், மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று அவர் ஸ்டேஷனில் போய் நிற்பார். நியாயம் தன் பக்கம் இருந்தும் இந்த ஒரு மெசேஜால் எதிர்த் தரப்பாக மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் செட்டில் பண்ணுங்கள். கேஸ் தோற்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, ஜெயிக்கக்கூட வாய்ப்பு இருக்கிறது. கட்டணம் பெரிய விஷயமே இல்லை, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கொடுத்த தொகைக்கு 200 ரூபாய்தான். ஆனால் ஜெயித்தால் கிடைப்பது அந்த ஒரு மாலைக்கான தொகை, மேலே கொஞ்சம் உளைச்சலுக்கு, கொஞ்சம் செலவுக்கு. மொத்த டூர்ப் பணமும் திரும்பி வராது, மற்ற நாட்கள் நன்றாகத்தான் இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகைக்காகத் தங்கை மாப்பிள்ளையைச் சாட்சியாக்கி, அவர் படகில் பாட்டிலோடு நின்றதை ஒரு உத்தரவில் நிரந்தரமாக எழுதவைக்க அப்பச்சி சம்மதிப்பாரா?

21,000 போக இன்னும் 40,000 கேளுங்கள், 30,000 வந்தால் முடியுங்கள். அவரும் முடிக்கத்தான் பார்ப்பார், நூறடி ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு அடுத்த அறுபதாம் கல்யாணக் குடும்பம் முக்கியம். இந்தத் தடவையாவது தாளில் எழுதுங்கள். பணம் பேங்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து, பின்னொரு தேதி போட்ட செக் வேண்டாம், அது திரும்பி வந்தால் உங்களுக்கு இன்னொரு வழக்கு. நீங்கள் குரூப்பில் பேசியதற்காக அவர் எந்த நடவடிக்கையும் எடுக்கமாட்டார் என்ற வரி அவசியம் இருக்க வேண்டும், பதிலுக்கு நீங்கள் அதை அழித்துவிட்டுக் குரூப்பில் ஒரு வரி விளக்கம் போடலாம். கையெழுத்து அப்பச்சியும் மாப்பிள்ளையும் சேர்ந்து போட வேண்டும்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது இரண்டு. முதலில், 21,000 அந்த மாலைக்கான தொகையில் ஒரு பகுதியாகத்தான் பெறப்பட்டது, முழுக் கணக்கும் முடிந்ததாக ஏற்கவில்லை என்று அப்பச்சி பெயரில் ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். கட்டைவிரலை அது அழிக்காது, ஆனால் மௌனமாக இருந்ததைவிட நல்லது. இரண்டாவது, படகு ஏறிய நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் ஆணையத்தில் கெடு, ‘பார்க்கலாம் அண்ணே, அடுத்த மாசம்’ என்று அவர் இழுத்தால் அந்தக் கெடு தானாக நீளாது. பேச்சு முறிந்து புகார் போடுவதாக இருந்தால், ஒப்பந்தமே நியாயமற்றது என்கிற தலைப்பில் மட்டும் போடாதீர்கள், அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும், காரைக்குடியிலிருந்து அதன் மதுரை அமர்வுக்கு அலைய வேண்டி வரும். சேவைக் குறைபாடு என்றே போடுங்கள், சிவகங்கையோடு நிற்கும்.

போன் விஷயம் இந்த வாரமே ஆக வேண்டும். மாப்பிள்ளை புதுப் போன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடப் போகிறார். அந்த சாட்டை முழுசாக, வாய்ஸ் மெசேஜோடு எக்ஸ்போர்ட் செய்து வாங்கிக்கொள்ளுங்கள், போனும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். நீங்கள் போய்க் கேட்க வேண்டாம், அப்பச்சி கேட்கட்டும்.