ஆடித் திருவிழாவுக்கு உயிருள்ள நல்ல பாம்பு: முன்பணம் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் இந்த முறை உயிருள்ள நல்ல பாம்புக்குப் பாலாபிஷேகம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. பாம்பு கொண்டுவர ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்டார். நான் பொருளாளர், என் கையால்தான் 5,000 முன்பணம் போனது. "பல்லைப் பிடுங்கியாச்சு, வனத்துறை பெர்மிஷனும் இருக்கு" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்றால் சாமி குத்தம் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். சிக்கல் வந்தால் யார் தலையில் விழும்?

வனவிலங்கு கால்நடை மருத்துவர் பதில்:

உங்கள் தலையிலும் விழும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு நல்ல பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே இடத்தில். 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை. பணம் கொடுத்து "வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாம்பு கொண்டு வா" என்று சொல்வதற்கு வேறு என்ன பெயர்? ஜிபேயில் அனுப்பியிருந்தால் சாட்சிகூடத் தேட வேண்டாம்.

அடுத்து அந்த பெர்மிஷன். பூஜைக்காகப் பாம்பு பிடிக்க அனுமதி கொடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. இந்த ஏஜென்ட்டுகள் ஒரு லேமினேட் அட்டையை ஆட்டிக் காட்டிவிட்டுச் சட்டென்று பைக்குள் வைத்துக்கொள்வார்கள். கேட்டால் "இருளர் சங்கம் சார்" என்பார்கள். நல்லவர்களே ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்மையானது. அவர்கள் பாம்பு பிடிப்பதும் அனுமதியோடுதான். ஆனால் எதற்கு? விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுக்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலே வகை. அதிலும் எத்தனை பிடிக்கலாம் என்று வனத்துறை எண்ணிக் கொடுக்கும். பிடித்ததை மண்பானையில் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி, சுமார் மூன்று வாரத்தில் சில முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிட வேண்டும், மறுபடி அதையே பிடித்துவிடக் கூடாதே என்று. அந்த அனுமதியில் கோயிலும் கிடையாது, திருவிழாவும் கிடையாது. அவர் காட்டும் அட்டை அசலாகவே இருந்தாலும் உங்கள் கோயில் வாசலில் அது வெறும் அட்டைதான்.

"பல்லைப் பிடுங்கியாச்சு" என்பது அதைவிட மோசம். நச்சுப்பல்லுக்குப் பின்னால் மாற்றுப் பற்கள் வரிசையாகக் காத்திருக்கும். சில வாரத்தில் புதுப்பல் இறங்கிவிடும். அதனால்தான் சிலர் வாயையே தைத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்று என் மேஜைக்கு வந்தது. மேல் தாடையும் கீழ்த் தாடையும் நைலான் நூலால் தைத்திருந்தது, நாக்கு வெளியே வர மட்டும் ஒரு சின்னச் சந்து. நூலை வெட்டினால் உள்ளே முழுக்கச் சீழ். கண்மேல் குங்குமம் அப்பிக் காய்ந்திருந்தது. பாம்புக்கு இமை கிடையாது, மூடித் தப்பிக்க வழியில்லை. மூச்சுக்குழல் வாயின் அடித்தளத்திலேயே திறக்கிறது. தலையில் ஊற்றும் பால் நேரே நுரையீரலுக்குப் போகும். "குடிக்குதே" என்பீர்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால் எதைக் கொடுத்தாலும் குடிக்கும். பால் அதற்குச் செரிக்காது.

இதற்கெல்லாம் மிருகவதைச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ல் போட்டது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, இரண்டு வடை. அதற்குப் புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனில் வனத்துறைக்குப் போ என்பார்கள், அங்கே ஸ்டேஷனுக்குப் போ என்பார்கள். அலைந்து அலுத்துப்போய்த்தான் சொல்கிறேன்.

ஆகவே திருவிழா அன்றைக்கு என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அவரிடம் பாம்பு வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். அவர் எண்ணையும் பேச்சையும் அழிக்க வேண்டாம். உங்கள் பகுதி வனச்சரகருக்கு ஒரு மனு எழுதி, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கமிட்டித் தீர்மான நோட்டிலும் ரத்து என்று ஏறட்டும். ஒருவேளை மீறிக் கொண்டுவந்து யாரையாவது கொத்திவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

சாமி குத்தம் பற்றி நான் பேச ஆள் இல்லை. ஒன்று மட்டும்: பாம்பின் பேரையே ஊர்ப்பேராக வைத்திருக்கும் நாகர்கோவிலில், நாகராஜா சன்னதியில் பிரசாதமாகக் கிடைப்பது மண். பாம்பு யார் கையிலும் இல்லை. உங்கள் ஊரிலும் அரசமரத்தடியில் ஒரு கல் நாகராவது இருக்கும். பாலை அதற்கு ஊற்றச் சொல்லுங்கள். புற்று இருந்தால் மஞ்சள், குங்குமம் வெளியோடு நிற்கட்டும், துளைக்குள் பால் வேண்டாம்.

அந்த 5,000 திரும்பி வராது. கணக்கு நோட்டில் 'வராத பாக்கி' என்றே எழுதிவிடுங்கள்.